வண்டி நின்ற பிறகு: நெடும்பயணக் குழுக்களுக்கு மேல்மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டு மோட்டார் சைக்கிள் நெடும்பயணக் குழுக்கள், ஃபோர் வீல் டிரைவ் வண்டிக் கழகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஆண்டுதோறும் கோடையில் லடாக்குக்கும் ஸ்பிதிக்கும், குளிர்காலத்தில் கட்ச் உப்புவெளிக்கும் புறப்படும் உங்கள் உறுப்பினர்களில் பலர், அதற்குச் சில வாரங்கள் முன்னதாக ஒத்திகை என்று சொல்லிப் பழனிமலைத் தொடருக்கு வருகிறார்கள். வத்தலக்குண்டு பாதையில் ஏறி, கொடைக்கானலைக் கடந்து, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என எங்கள் மேல்மலை ஊர்கள் வழியே சென்று, தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் வண்டியைச் சோதித்துவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த ஊர்களுக்கிடையே வாடகை ஜீப் ஓட்டியும், அந்த ஜீப்பைத் தானே பழுது பார்த்தும் பிழைப்பவன் என்ற முறையில், அந்த ஒத்திகையைப் பற்றி உங்களிடம் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் தனித்தனியே சொல்லிப் பார்த்தாயிற்று, தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். குழுவின் விதியானால்தான் நடக்கும் என்பதால் பொறுப்பாளர்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர்கள் இங்கே சோதித்துப் பார்ப்பது வண்டி ஏறுகிறதா என்பதை மட்டுமே. ஏறத்தான் செய்கிறது. இன்று கடையில் விற்கும் வண்டிகளில் ஏறாத வண்டி அபூர்வம். ஆளரவமற்ற வெளியில் ஆபத்து தொடங்குவது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுபோகும் நொடியில். அந்த நொடிக்கென ஒத்திகை பார்த்த குழு எதையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. போன மழைக்காலத்தில் கவுஞ்சிக்கு அப்பால் பஞ்சராகி நின்ற ஒரு பைக்கைத் தேடி, இருட்டிய பிறகு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர்களிடம் விலையுயர்ந்த கருவிப்பெட்டி இருந்தது. அதன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பம்ப் இருந்தது, ஒட்டு இருந்தது, டயர் லிவர் இருந்தது. பின்சக்கர ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் மட்டும் இல்லை. வீட்டு வாசலில் ஒரே ஒருமுறை அந்தச் சக்கரத்தைக் கழற்றியிருந்தால் தெரிந்திருக்கும் குறை அது.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: நெடும்பயணத்துக்கான தயாரிப்பை, வண்டி நின்றுபோன நிலையிலிருந்து தொடங்குவதை உங்கள் குழுவில் கட்டாயமாக்குங்கள். பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும், தான் எடுத்துச் செல்லப்போகும் கருவிகளைக் கொண்டு மட்டும், பிறர் கை படாமல், தன் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை எடுத்து, ஒட்டிப் பூட்டிக் காட்டட்டும். மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போகும் வேலையல்ல இது என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

பல நாள் ஓடிய டயரின் விளிம்பு ரிம்மோடு இறுகி ஒட்டியிருக்கும். காலால் மிதித்தால் இறங்காது. சக்கரத்தைத் தரையில் கிடத்தி, டயரின் விளிம்பையொட்டிப் பக்கத்து வண்டியின் சைடு ஸ்டாண்டை ஊன்றி, அந்த வண்டியைச் சாய்த்து எடையைக் கொடுத்தால் விளிம்பு விட்டுக்கொடுக்கும். லிவர் போட்டு நெம்பும்போது, எதிர்ப்பக்க விளிம்பு ரிம்மின் நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும்; அந்தத் தளர்வு கிடைக்காமல் பலத்தைக் காட்டினால் லிவரின் முனை ட்யூபைக் கடித்து இரண்டாவது ஓட்டையைப் போட்டுவிடும். ட்யூப் வெளியே வந்ததும் ஒட்டுப் போட அவசரப்படாமல், குத்திய பொருள் டயருக்குள் இன்னும் இருக்கிறதா என்று ஒரு துணியால் உட்புறத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்த மாலையில் அது காய எடுக்கும் நேரம், சமவெளியின் வெயிலில் பழகியவருக்கு நம்ப முடியாத அளவு நீளும். பொறுமையிழந்து ஈரத்தோடு ஒட்டியவர்கள் அடுத்த வளைவில் மறுபடியும் சக்கரத்தைக் கழற்றுவதைப் பார்க்கலாம். திரும்பப் பூட்டும்போது ட்யூபுக்குள் அது உருண்டை வடிவம் பெறும் அளவுக்குச் சிறிது காற்றடித்து வைத்தால் மடிப்பு விழாது. இத்தனையும் விறைத்த விரல்களோடு, ஹெட்லைட் வெளிச்சத்தில் செய்ய வேண்டிவரும். ட்யூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்களுக்கு வேலை பெரிதும் குறைவு. ஆனால் கல்லில் மோதி ரிம் நெளிந்துவிட்டால் அவர்களும் ட்யூபைத் தேடுவார்கள் என்பதால் பொருந்தும் அளவில் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

அடுத்தது எடை. குறை தெரிந்தவுடன் கருவிகளை வாங்கிக் குவிப்பது நம்மவர்களின் வழக்கம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. இவை இரண்டையும் குறைக்க முடியாது. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில் தாண்டி என்ற ஊரின் பங்க்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தத் தொலைவை உங்கள் ஊர் நெடுஞ்சாலை மைலேஜைக் கொண்டு கணக்கிடக் கூடாது. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் நாள் முழுக்கப் போகும்போது வண்டி குடிப்பது வேறு அளவு. ஆக, குறைக்க வேண்டியது மற்றவற்றை. பைக்கின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் பெட்டிகள் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். குண்டுங்குழியில் நாள்கணக்கில் அடிவாங்கி, அவற்றைத் தாங்கும் பின்சட்டம் வெல்டிங் விட்டுப்போகும். ஜீப்பின் கூரைமேல் கட்டும் ஒவ்வொரு கிலோவும் பக்கச்சரிவில் வண்டியைக் கவிழ்க்கும் பக்கமே துணைபோகும். எங்கள் ஜீப்களின் கூரையில் காய்கறி மூட்டை ஏற்றுகிறோமே என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்த சாலையில் அதற்கேற்ற வேகத்தில் போகிறோம், அதுவும் சரியென்று நான் வாதாட வரவில்லை.

பழனிமலையில் ஒத்திகை பார்த்துவிட்டால் இமயமலைக்கு உடம்பு பழகிவிடும் என்ற எண்ணம் உங்கள் குழுக்களில் பரவலாக இருக்கிறது. அது தவறு, ஆபத்தான தவறு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தத் தொடரின் மிக உயர்ந்த முகடுகளும் 2,500 மீட்டரை ஒட்டியே நின்றுவிடுகின்றன. உயர்மலை நோய் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேதான் தொடங்குகிறது. லே நகரமே 3,500 மீட்டர். அதற்குப் போகும் வழியிலுள்ள சில கணவாய்கள் 5,000 மீட்டரைத் தாண்டுகின்றன, அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். இங்கே மூச்சு வாங்காமல் ஓட்டியது அங்கே எதற்கும் சான்றாகாது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலும், மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஏறாமல் தங்கியும் செல்வது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான முறை. மணாலியில் படுத்தவர் மறுநாள் இரவே 4,300 மீட்டர் உயரத்திலுள்ள சர்ச்சுவில் படுப்பது போன்ற பயணத் திட்டங்கள் இதற்கு நேர்மாறானவை. தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே கீழே இறக்க வேண்டும். விடுப்பு நாள் குறைவு என்று திட்டத்தைச் சுருக்கும் பொறுப்பாளர்தான் இந்த நோயை வரவழைக்கிறார் என்பது என் கருத்து.

ஓடைகளைக் கடப்பதிலும் இதேபோல் இடம் மாறினால் பாடம் மாறும். எங்கள் மலையில் ஓடை பெருகுவது மேலே மழை பெய்தால். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கலங்கிய நீர் வந்தால் ஒதுங்கிவிட வேண்டும். லடாக்கிலும் ஸ்பிதியிலும் வெயிலே எதிரி: பகலில் பனி உருகி, பிற்பகலில் ஓடை உச்சத்துக்கு வரும். விடியற்காலையில் முழங்கால் அளவில் இருந்த இடம் மூன்று மணிக்கு இடுப்பளவாகியிருக்கலாம். இரண்டு இடத்துக்கும் பொதுவான விதி, ஒருவர் கம்பை ஊன்றி நடந்து பார்க்காத தண்ணீரில் வண்டியை இறக்கக் கூடாது என்பது. நடந்து பார்க்க முடியாத தண்ணீர் ஓட்டிக் கடக்கவும் முடியாத தண்ணீர். அப்படியும் வண்டி தண்ணீரில் சாய்ந்து என்ஜின் நின்றுவிட்டால், ஸ்டார்ட் பட்டனில் கை வைக்காதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் அதன்மேல் மோதிக் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்ஜினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரைப் பிழிந்து உலர்த்தி, ஆயில் பால் நிறமாக வெளுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிளக் ஸ்பேனர் உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்றிரண்டு. சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும்போது நடக்கும் விபத்து, புதைவதால் வரும் விபத்தைவிடக் கொடியது. டிரெய்லர் மாட்டும் பந்துக் கொக்கியில் கயிற்றை மாட்டி இழுப்பது, அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பாயும் என்று தெரிந்தால் ஒருவரும் செய்யமாட்டார்கள். சட்டத்தோடு சேர்த்துப் போல்ட் போட்ட கொக்கி முன்னும் பின்னும் இருக்க வேண்டும். வின்ச் (வண்டியில் பொருத்திய, கம்பியைச் சுருட்டி இழுக்கும் கருவி) கம்பியின் நடுவில் கனமான கம்பளியைப் போர்த்த வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் கம்பியின் நீளத்துக்கும் அப்பால் நிற்க வேண்டும். மணலில் டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குவது பல முறை வின்ச்சின் தேவையையே இல்லாமல் செய்துவிடும், ஆனால் கெட்டிச் சாலைக்கு வந்ததும் திரும்ப ஏற்றுவதற்கான கம்ப்ரெசர் கையில் இருந்தால் மட்டுமே இறக்குங்கள். வண்டியின் முன்னால் அழகுக்குப் பொருத்தும் இரும்புக் கம்பித் தடுப்புகளை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சட்டவிரோதம் என்று அறிவித்தது. அந்தப் பணத்தில் நல்ல கொக்கிகள் வாங்கலாம். குளிர்காலத்தில் லடாக் போகிறவர்கள் சமவெளியில் நிரப்பிய டீசலை நம்பிப் போகக் கூடாது. அது குளிரில் மெழுகாகி ஃபில்டரை அடைத்துவிடும். அங்கே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசல் 2019 முதல் விற்கப்படுகிறது.

இப்போது, எல்லாக் கருவியும் கைவிட்ட நிலையைப் பார்ப்போம். வெளிநாட்டுப் பயணக் குறிப்புகள் முதலில் வாங்கச் சொல்வது செயற்கைக்கோள் தொலைபேசியை, அல்லது செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவியை. நம் நாட்டில் இவற்றை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையிலேயே சிக்கி வழக்கில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது. போஸ்ட்பெய்டு இயங்கும், டவர் உள்ள இடங்களில் மட்டும். ஆகையால் நமக்கு எஞ்சுவது பழைய முறை: வீட்டிலிருக்கும் ஒருவரிடம் பாதை, வண்டி எண்கள், இரத்த வகை, தங்குமிடம், திரும்பித் தகவல் தரும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. அந்த நேரம் கடந்தும் தகவல் வராவிட்டால், "டவர் இருக்காது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று காத்திராமல், உடனே அந்த மாவட்டக் காவல்துறையை அழைக்கும் துணிவுள்ளவராக அவர் இருக்க வேண்டும். பாதுகாப்பாக இருந்தும் தகவல் தர மறந்த குழுவுக்கு வரும் வெட்கம் தாங்கக்கூடியதே. நாள்தோறும் வண்டிகள் ஓடும் நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதையிலேயே, 2018 அக்டோபரில் பள்ளத்தில் விழுந்த சென்னைக் கார் இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்த ஏழு பேரில் இருவர்தான் உயிரோடு மீட்கப்பட்டனர். ஊரை ஒட்டிய பாதையிலேயே இரண்டு நாள் என்றால், ஸ்பிதியின் பக்கப் பள்ளத்தாக்கில் எத்தனை நாள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடிபட்டவரைத் தூக்கிச் செல்வதை ஒத்திகை பார்த்த குழுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பெரியகுளத்துக்கு மேலேயுள்ள சின்னூர், பெரியூர் மக்கள், சாலை இல்லாத காரணத்தால், நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு காட்டாற்றைக் கடந்து வருகிறார்கள். அவர்கள் வேறு வழியின்றிச் செய்வதை, உங்கள் உறுப்பினர்கள் ஒரு நாளாவது செய்து பார்க்கட்டும். இரண்டு கம்புகள், ஒரு கெட்டிக் கம்பளி. குழுவிலேயே அதிக எடையுள்ளவரைப் படுக்க வைத்து ஒரு கிலோமீட்டர் நடக்கட்டும். நான்கு பேர் போதாது, தோள் மாற்ற இன்னும் நான்கு பேர் வேண்டும் என்பதும், மூன்று பைக்கில் மூன்று பேராகப் போவதன் பொருள் என்ன என்பதும் அந்த ஒரு கிலோமீட்டரில் விளங்கிவிடும்.

இனி எங்கள் மலையைப் பற்றி. மேலே சொன்ன ஒத்திகைகள் எதற்கும் காடு தேவையில்லை. உங்கள் ஊரில் ஒரு காலி மனை போதும். ஆனால் வருகிறவர்களில் சிலர் கேட்கும் முதல் கேள்வி, "எஸ்கேப் ரோட்டுக்கு எப்படிப் போவது?" என்பது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் படையெடுத்தால் கொடைக்கானலிலிருந்து மூணாறு வழியாகக் கொச்சிக்குத் தப்பிச் செல்வதற்கென ஆங்கிலேயர் சீரமைத்த பாதை அது. இன்று அது பல பத்தாண்டுகளாக மூடப்பட்டு, கேரளப் பகுதியில் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள்ளும், நம் பகுதியில் 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயத்துக்குள்ளும் கிடக்கிறது. அனுமதியின்றி அதில் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பேரிஜம் ஏரி வரைக்குமே வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். யானை நடமாட்டம் இருந்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள். பூட்டிய கேட்டைச் சுற்றிப் போக வழிகாட்டுவதாகச் சொல்லும் உள்ளூர்க்காரர் யாராவது இருந்தால், அவரை நம்பாதீர்கள் என்று உள்ளூர்க்காரனாகிய நானே சொல்கிறேன்.

மன்னவனூர்ப் பக்கத்துப் புல்வெளிகள் பார்வைக்கு வெறும் தரிசாகத் தோன்றலாம். புல்லும் சோலையும் பிடித்து வைத்துக் கசியவிடும் நீர்தான் வடக்கே அமராவதிப் படுகைக்கும் தெற்கே வைகைப் படுகைக்கும் இறங்குகிறது. ஈரநாளில் கனமான வண்டி ஒன்று அதன்மேல் ஏறி இறங்கினால், பதிந்த தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். அதன் கீழே இருப்பது யாரோ ஒருவருடைய பூண்டுத் தோட்டமாக இருக்கும். தார் சாலையையும் ஊர்ப்பாதையையும் விட்டு இறங்கக் கூடாது என்பதை உங்கள் விதியாக எழுதிவையுங்கள். இருட்டிய பிறகு காட்டுமாடுகள் சாலையிலேயே நிற்கும். வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரை இருக்கும், கரிய உடம்பு ஹெட்லைட்டில் கடைசி நொடியில்தான் தெரியும். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது என்பதையும், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை என்பதையும் புறப்படும்முன் சொல்லிவிடுங்கள்.

சாலையை விட்டு இறங்காமலேயே இந்த மலை கற்றுத்தரக் கூடியது ஒன்று உண்டு: இறக்கம். ஏறிய கியரிலேயே இறங்குவது, கிளட்சை அழுத்தி உருளவிடாமல் என்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துவது, லைனிங் கருகும் வாடை வந்ததும் ஓரமாக நிறுத்தி ஆறவிடுவது, குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பது. சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் கீழ்மலைப் பாதையிலும் பழனி இறக்கத்திலும் மூடுபனியோடு நனைந்த உடையோடு இதைச் செய்து பார்த்தவருக்கு, எந்தக் கணவாயின் இறக்கத்திலும் கை நடுங்காது. அதற்காக வாருங்கள், தாராளமாக வாருங்கள்.

அடுத்த பயணத்துக்கான அறிவிப்பை வெளியிடும்போது, தன் கருவியால் தன் சக்கரத்தைக் கழற்றிப் பூட்டிக் காட்டாதவருக்கும், திரும்பும் நேரத்தை எழுதி வீட்டில் கொடுக்காதவருக்கும் இடமில்லை என்று அதிலேயே சேர்த்துவிடுங்கள். மேல்மலைக்கு வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், எங்கே மண் சரிந்திருக்கிறது, எந்தப் பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, எந்த ஊரில் யானை வந்திருக்கிறது என்பதை மன்னவனூர் ஜீப் நிறுத்தத்தில் காலை ஆறு மணி முதல் இருக்கும் எங்களில் எவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாடகை ஜீப் ஓட்டுநர் ஒருவர்,
மன்னவனூர், கொடைக்கானல் வட்டம்.